எட்டடிப் படகும் உங்கள் முதலாளியின் கப்பலும்

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
புதன்கிழமை

அன்புள்ள தன்ஷி அப்பாவுக்கு,

இவ்வளவு நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. தன்ஷிகா தூங்கி, செகண்ட் ஷிஃப்ட் பஸ்களும் போய் முடிந்த பிறகுதான் எனக்கு ஒரு வரியாவது ஓடுகிறது. காலையில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். ஃபோனில் பேசலாமே என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை பேசினோமே. நீங்கள் கத்தினீர்கள், நான் கட் பண்ணினேன். கடிதத்தில் ஒரு வசதி, நடுவில் குறுக்கே பேச முடியாது.

குழந்தை நன்றாக இருக்கிறாள். திங்கட்கிழமை கொஞ்சம் மூக்கு ஒழுகியது. நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து என் கைதான் சூடானது, அவளுக்குக் காய்ச்சல் இல்லை. நேற்றிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். எல்.கே.ஜி. மிஸ்ஸிடம், "எங்க போட்டு கவுந்துடுச்சு மிஸ், நாங்க திருப்பிட்டம்" என்று சொல்லியிருக்கிறாள். மிஸ் பயந்துபோய் எனக்கு ஃபோன் செய்தார். அந்த "திருப்பிட்டம்" என்ற வார்த்தையை நீங்களும் கவனிக்க வேண்டும் என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன்.

பாகலூர் சாந்தம்மா அக்கா உங்களுக்கு அனுப்பிய வீடியோ இருபத்துமூன்று நொடி. அதில் பாதி நேரம் வானமும் அக்காவின் செருப்பும்தான் தெரிகின்றன. "அய்யோ அய்யோ, புள்ள போச்சே" என்ற சத்தம் மட்டும் முழுசாக இருக்கிறது. படகு சாய்கிறது, பாய் தண்ணீரில் படுக்கிறது, அதோடு சரி. அக்கா பதற்றத்தில் ஃபோனைக் கீழே போட்டுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தம்பி மகள் தண்ணீரில் விழுந்தால் எந்த அத்தைதான் கத்தமாட்டாள்? ஆனால் அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் நாங்கள் அந்த ஏரியில் இருந்தோம். அதை நீங்கள் பார்க்கவில்லை. பார்க்காமலேயே கெடு வைத்துவிட்டீர்கள்.

"அந்த டப்பாவ தூக்கிப் போடு. வேலைய விட்டுட்டு அக்கா வூட்டுக்குப் போ. அப்பத்தான் நான் ஊருக்கு வருவன். இல்லன்னா புதுக் கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு மூணு வருசம் போயிடுவன்" என்றீர்கள். கையெழுத்துப் போடக் கடைசி நாள் வருகிற திங்கட்கிழமை என்றும் சொன்னீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரி வரைக்கும் தேட வேண்டாம். படகைத் தூக்கிப் போட மாட்டேன். வேலையை விட மாட்டேன். பாகலூருக்குப் பண்டிகைக்குப் போவேன், குடியிருக்கப் போக மாட்டேன். இனி காரணங்களைப் படியுங்கள்.

இந்தப் படகு எப்படி எனக்கு வந்தது என்று நீங்கள் இதுவரை முழுசாகக் கேட்டதில்லை. "டப்பா" என்றதோடு சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். எங்கள் பட்டறை ஃபைபரில் தண்ணீர்த் தொட்டியும் பஸ் டேஷ்போர்டும் செய்கிற இடம் என்று உங்களுக்குத் தெரியும். பெங்களூரில் ஒரு படகுக் கிளப்காரர்கள் பிள்ளைகள் ஓட்டிப் பழக எட்டடியில் பன்னிரண்டு பாய்மரப் படகு கேட்டார்கள். முதல் படகு அச்சிலிருந்து வந்ததும் எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தொட்டியைச் சோதிக்கிற மாதிரியே, இரண்டு டிரம்மின் மேல் அதை நிமிர்த்தி வைத்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, ராத்திரி முழுக்க விட்டுவிட்டார்கள். காலையில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். தரம் பார்க்கிற நான், பி.இ. படித்த நான், பச்சை ஸ்டிக்கரை ஒட்டினேன். தண்ணீரை இறைத்துவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தால், டிரம் இருந்த இரண்டு இடத்திலும் அடிப்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டமாதிரி விரிசல்.

கிளப்பின் கோச் விமல்ராஜ் சார் வந்து பார்த்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, போட்டுக்குத் தண்ணி வெளிய இருக்கணும்மா, உள்ள ஊத்திட்டீங்களே" என்று சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. தொட்டி செய்கிறவர்களுக்குத் தொட்டிப் புத்திதானே வரும்.

அந்தப் படகு தள்ளுபடியாகிப் பின்பக்கம் கிடந்தது. மழைத்தண்ணீர் தேங்கி, டெங்கு ஒழிப்பு ஆட்கள் வந்து சத்தம் போட்டார்கள். எடுத்துக்கொண்டு போய்த் தொலை என்று ஓனர் சொன்னதும் நான் எடுத்துக்கொண்டேன். என் தப்பு அது. என் கையாலேயே விரிசலைச் செதுக்கி, ஃபைபர் மேட் வைத்து, ரெசின் பசை பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சாப்பாட்டு இடைவேளையில் மட்டும், ஒரு மாதம்.

மற்றப் பதினொன்றை ஏரியில் விட்டுப் பார்த்த அன்றைக்கு விமல்ராஜ் சார், "செஞ்சவங்க ஒக்காந்து பாக்காம நான் வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். உட்கார வைத்துத் தள்ளியும் விட்டார். அந்த நிமிடத்தைப் பற்றி உங்களிடம் சொல்ல இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் உங்களை எஞ்சின் ரூமுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்போது சொல்கிறேன். ஒரு கையில் சுக்கான், இன்னொரு கையில் பாயின் கயிறு. கேஸை மூணு தடவை மூடிப் பார்க்கிறவள் என்று என்னைக் கேலி செய்வீர்களே, அது உண்மைதான். வேலையில் இருக்கும்போது குழந்தை வேனில் ஏறினாளா என்று நினைப்பேன். குழந்தை பக்கத்தில் இருக்கும்போது உங்கள் கப்பலில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று நினைப்பேன். படகில் உட்கார்ந்தால், இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது, கவலைப்பட மூன்றாவது கை இல்லை. காற்று கன்னத்தில் எங்கே படுகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். ஒரு விரற்கடை நகர்ந்து உட்கார்ந்தால் படகு தெரிந்துகொள்கிறது. தப்புச் செய்தால் அந்த நொடியே மடியில் தண்ணீர் தெளிக்கிறது, மெமோ வர ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. அப்புறம் அந்த அமைதி. ஓசூரில் பிரஸ் மெஷினும் லாரி ஹாரனும் இல்லாத ஒரு நிமிடத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? அங்கே படகின் அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும், கைக்கெட்டும் தூரத்தில்.

பாய் விஷயத்தில் உங்களுக்கு வருத்தம் என்று அக்கா சொன்னார். "என் மூஞ்சிய அறுத்துட்டா" என்றீர்களாமே. போன வருஷம் ஆனியில் தன்ஷிகாவின் காதுகுத்து பேனருக்கு நீங்கள் அனுப்பிய படம்தானே அது. கூலிங் கிளாஸ் போட்டு, கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஃபிளெக்ஸ்காரர் அந்தக் கப்பலைப் பதினைந்தடிக்கு இழுத்துப் பின்னால் போட்டு, நடுவில் உங்களை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து இந்தத் தெருவில் நீங்கள் கப்பலுக்கு வேலைக்காரர் இல்லை, ஓனர். மூன்று பேர் தங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் கப்பலில் வேலை கேட்டு வந்தார்கள். நீங்கள் வரவேண்டிய நாளில்தான் உங்கள் நிஜ ஓனருக்குக் கப்பல் ஏறும் ஆசை வந்தது. டிக்கெட் கேன்சல் ஆனது. என் அண்ணன் பிரேம்குமார் மடியில் குழந்தை அழுதபோது நான் அந்த பேனரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அடித்த ஆனிக் காற்று பேனரைச் சவுக்குக் கம்போடு பிடுங்கியது. நான்கு ஆட்கள் தொங்கியும் நிற்கவில்லை, பந்தலைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனது. அது என் மனதில் நின்றுவிட்டது. படகு சரியான பிறகு பாய்க்கு எங்கே போவது என்று யோசித்தபோது, பரணில் சுருட்டி வைத்திருந்த பேனர் ஞாபகம் வந்தது. ஆட்டோ டாப் தைக்கிறவரிடம் கொடுத்து வெட்டித் தைத்தேன். அதன் சவுக்குக் கம்புதான் பாய்மரம். கப்பலில் முக்கால்வாசி கத்தரியில் போய்விட்டது. பேனரில் இருந்த என் அண்ணன் படத்தில் மீசைக்கு மேல் மட்டும் மிச்சம், அந்தக் கோபத்தில் இரண்டு வாரம் அவன் பேசவில்லை. உங்கள் முகத்தில் மட்டும் கத்தரி படக் கூடாது என்று தையல்காரர் பக்கத்திலேயே நின்றேன். அறுத்தேன் என்று யார் சொன்னது?

உங்கள் கப்பலைப் பற்றி நான் குறைவாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறேன். போன வருஷம் முதலாளி அந்த உல்லாசக் கப்பலில் ஏறியது ஒன்பது நாள். மீதி நாளெல்லாம் அது கரையில் கட்டிக் கிடந்தது. ஆளில்லாத அறைகளுக்கு இராப்பகலாக ஏசி, இல்லாவிட்டால் மரம் உப்பிவிடுமாம். அந்த ஏசிக்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு நீங்கள், ஜன்னல் இல்லாத அறையில். மேலே வந்தால் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் கம்பி துடைக்க வேண்டும், உங்கள் கைரேகைகூடக் கண்ணாடியில் இருக்கக் கூடாது. "ரெண்டு வருசமா தண்ணி மேலதான் கெடக்கறன் மாதேசு, கடல் தண்ணிய ஒருநாள் கையால தொட்டதில்ல" என்று ஒருமுறை சொன்னீர்கள். சொல்லிவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாவம், அந்த முதலாளியும் தொட்டிருக்க மாட்டார். கிளம்ப வேண்டுமென்றால் கேப்டன் வேண்டும், டீசல் வேண்டும், துறைமுகத்தின் அனுமதி வேண்டும், பதினோரு பேர் வெள்ளைச் சட்டை போட வேண்டும். எனக்கு ஒரு குட்டியானை லோடு வண்டியும் ஏரிக்கரை ராஜப்பன் அண்ணனின் ஒரு கைத்தாங்கலும் போதும். கழுவ ஒரு பக்கெட் தண்ணீர். இப்போது உங்கள் முதலாளி இருக்கிற கப்பலைவிடப் பெரிதாக நான்கு மாடியில், லிஃப்ட் வைத்து ஒன்று வாங்குகிறாராம். எதற்கு? தண்ணீரிலிருந்து இன்னும் இரண்டு மாடி தள்ளிப் போய் உட்காரவா?

ஒரு நாள் நாமும் இப்படி ஒன்று வாங்குவோம் என்று அடிக்கடி சொல்வீர்கள். வேண்டாம். வாங்கினால் பதினோரு பேரை அவரவர் பிள்ளைகளிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து துடைக்கச் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

தளி போகிற வழியில் ராஜப்பன் அண்ணன் மீனுக்குக் குத்தகை எடுத்திருக்கும் ஏரி. நாங்கள் கரையோரமாகத்தான் போவோம், என் கழுத்தளவுக்கு மேல் ஆழம் இல்லாத பக்கம். தன்ஷிகாவுக்கு லைஃப் ஜாக்கெட், மூன்று பக்கிளையும் நான் இழுத்து இழுத்துப் பார்த்த பிறகுதான் இறக்குவேன். சீட்டுக்கு அடியில் மூடி இறுக்கிய காலி கேன்கள் கட்டியிருக்கிறேன், படகு மூழ்காது. கரையில் பரிசலோடு ராஜப்பன் அண்ணன் இருப்பார். அவர் இல்லாத நாளில் நான் பாயை விரிப்பதே இல்லை. கேஸை மூணு தடவை பார்க்கிறவள் பிள்ளையைத் தண்ணீரில் இறக்குகிறாளே என்று கேட்டீர்கள். மூணு தடவை பார்க்கிறவள்தான் இறக்க வேண்டும்.

ஆனாலும் கவிழ்ந்தது. ஏன் என்று உங்களிடம் மறைக்க மாட்டேன். கயிற்றைக் கையில்தான் வைத்திருக்க வேண்டும், காற்று முட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். அது முதல் பாடம். அன்றைக்குச் சாந்தம்மா அக்கா கரையிலிருந்து, "புள்ளயப் புடிடீ, புள்ளயப் புடிடீ" என்று கத்திக்கொண்டே இருந்தார். எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. பிள்ளையின் தோளைப் பிடிக்க ஒரு கை வேண்டுமே என்று கயிற்றைக் கொக்கியில் கட்டிவிட்டேன். தைலமரத் தோப்பு இடைவெளியில் ஒரு காற்று வந்து மோதியது. கட்டின கயிறு விடவில்லை. அவ்வளவுதான். என் தைரியத்தால் கவிழவில்லை, என் பயத்தால் கவிழ்ந்தது.

இங்கே வீடியோ முடிகிறது. இதற்குமேல் நான் சொல்வதுதான்.

தன்ஷிகா ஒரு முழுக்குப் போட்டுப் பந்து மாதிரி மேலே வந்தாள். இரண்டு எட்டில் பிடித்துவிட்டேன். இருமினாள், கொஞ்சம் தண்ணீர் துப்பினாள். அழவில்லை. அழாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கண்ணை அகல விரித்துப் படகையே பார்த்தாள். பாய் தண்ணீரில் குப்புறக் கிடந்தது. அப்போதுதான் வீறிட்டாள். "அப்பா மூஞ்சி தண்ணிக்குள்ள போயிடுச்சு! அப்பாவ தூக்கும்மா!"

ஒன்றரை வயதில் விட்டுப் போனவரை அவளுக்கு ஃபோனிலும் அந்தப் பாயிலும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்கு "அப்பா போட்டு" போகிற நாள்.

ராஜப்பன் அண்ணன் பரிசலைத் தள்ளிக்கொண்டு, "பயப்படாதம்மா, வந்துட்டன், வந்துட்டன்" என்று வந்தார். வந்ததும், "புள்ளய இங்க குடு, போட்டு கெடக்கட்டும் பாக்கலாம்" என்றார். பிள்ளையை அவர் பரிசலில் உட்கார வைத்தேன். படகைக் கிடக்க விடவில்லை. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்து, என் மொத்த எடையையும் பின்னால் சாய்த்தேன். இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். கரையில் அக்கா சாமியை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை பாய் தண்ணீரைவிட்டு மெதுவாகப் பிரிந்தது. நிமிர்ந்தது. உங்கள் முகத்திலிருந்து தண்ணீர் ஊற்றியது. தன்ஷிகா அழுகையை நிறுத்திவிட்டு, "அப்பா மூஞ்சி கழுவிட்டாரு" என்றாள்.

பரிசலிலேயே கரைக்குப் போய்விடலாம் என்றார் அண்ணன். எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படிப் போனால் இவள் இனி வாளித் தண்ணீரைப் பார்த்தாலும் பயப்படுவாள், நானும் திரும்ப ஏற மாட்டேன் என்று தோன்றியது. வருகிறாயா என்று அவளையே கேட்டேன். கையை நீட்டினாள். இருவரும் ஏறி, ஒரு பெயிண்ட் டப்பாவும் அவள் பிளாஸ்டிக் மக்கும் வைத்துத் தண்ணீர் இறைத்தோம். கயிற்றை என் கையில் பிடித்தேன், அவள் கையை அதன் மேல் வைத்தேன். அண்ணன் பக்கத்திலேயே பரிசலில் வந்தார். மெதுவாகத்தான் வந்தோம். ஆனால் காற்றில்தான் வந்தோம்.

கரையில் அக்கா என்னை நன்றாகத் திட்டினார். "எந் தம்பி வரட்டும், ஒன்ன வெச்சிக்கறன்" என்றார். வரட்டும் அக்கா, அதுக்குத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன் என்றேன். கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்து ஆளுக்கொரு கவளம் கையில் வைத்தார். எனக்கும்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், தைரியசாலி என்று நீங்கள் ஏமாற வேண்டாம். அழுது முடித்துவிட்டு வெளியே வந்து ஈரப் பாயைக் கொடியில் காயப் போட்டேன். அப்போதுதான் உங்கள் ஃபோன் வந்தது.

இன்னொன்று. கிளப்காரர்கள் மறுபடி இருபது படகு கேட்டிருக்கிறார்கள். படகுப் பிரிவை நீயே பார்த்துக்கொள் என்று எங்கள் பட்டறை ஓனர் திங்கட்கிழமை சொன்னார். இந்த முறை யாரும் உள்ளே தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். இதை முதலில் உங்களிடம்தான் சொல்ல நினைத்தேன். கடைசியில் எழுதும்படி ஆகிவிட்டது.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் கையில். படகை வைத்து என்னிடம் பேரம் பேச வேண்டாம், அவ்வளவுதான். நீங்கள் அன்றைக்குக் கிளம்பியது எங்களுக்காகத்தான். உங்களைக் காண்ட்ராக்ட் லேபராகவே ஏழு வருஷம் இழுத்தடித்த இங்கத்திய கம்பெனியை நான் மறக்கவில்லை. ஆனால் மூன்று வருஷம் கழித்து வந்தால் அவளுக்கு ஏழு வயது. அந்தப் பாய் அதுவரை தாங்காது. இப்போதே வெயிலில் உங்கள் கூலிங் கிளாஸ் வெளுத்துவிட்டது, கன்னம் வெளுக்கத் தொடங்கியிருக்கிறது. ஃபிளெக்ஸ் அல்லவா.

வெட்டியது போக உங்கள் முகத்துக்குக் கீழே ஒரு வரி எழுத்து மிஞ்சியிருக்கிறது. "அன்புடன் வரவேற்கும்". வரவேற்கிறவர்களின் பெயரெல்லாம் கத்தரியில் போய்விட்டது. தையல்காரர் இதையும் வெட்டிவிடவா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

படகில் மூன்று பேர் உட்கார முடியாது மாமா. நீங்கள் வந்தால் நான் கரையில் நிற்கிறேன். நீங்களும் அவளும் போங்கள். போகும்போது கையைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள்.

எஞ்சின் ரூமில் காதுக்கு மறக்காமல் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் விளக்கேற்றுகிறேன்.

திங்கட்கிழமைக்கு முன்னால் பதில் போடுங்கள்.

உங்கள்
மாதேஸ்வரி